உள்ளிழுத்த நகம்

பூனையின் நகத்தை எடுத்துவிடலாமா என்ற கேள்வி எங்கள் குடும்பத்துக்குள் டெக்சாஸிலிருந்து வந்தது. கேட்டவள் அக்கா மகள். டல்லாஸ் பக்கம் ஓர் அடுக்ககத்தில் அவளும் கணவனும் ஒரு பூனையும் வசிக்கிறார்கள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவத்துக்குத் துணையாகத் தருமபுரியிலிருந்து புறப்படவிருந்த அக்காவுக்குப் பூனையை நினைத்துத் தூக்கம் வரவில்லை. "பச்சக் கொழந்த இருக்கற ஊட்ல அது எதுக்குடி, யாருக்காவது குடுத்துடு" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அங்கே பூனையின் நகத்தை ஆஸ்பத்திரியில் எடுத்துவிடும் வழக்கம் உண்டு என்று மகள் சொன்னதும் சமாதானமாகிவிட்டாள். "எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. நெகந்தானே, மறுபடியும் மொளைக்கப் போவுது." மகளுக்கு அதில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

மறுபடியும் முளைக்காது. அக்காவுக்கு முதலில் சொல்ல வேண்டியிருந்தது இதைத்தான். நம் நகம் விரல் நுனியின் தோலில் படிந்து வளர்கிறது. பிய்ந்து போனாலும் சில மாதங்களில் வந்துவிடும். பூனையின் நகம் விரலின் கடைசி எலும்போடு பிணைந்து வளர்வது. வெறும் நகத்தைப் பிடுங்கினால் அந்த எலும்பிலிருந்து மீண்டும் கிளம்பும். ஆகவே நகம் திரும்ப வராமலிருக்க எலும்பையே எடுத்துவிடுகிறார்கள். முன்னங்கால் ஒன்றுக்கு ஐந்து விரல். இரண்டு கால்களிலும் பத்து மூட்டுகளில் தசைநாரும் இணைப்புநாரும் நரம்பும் ரத்தக்குழாயும் அறுபடுகின்றன. இதைப் படிப்பவர் தன் கையை விரித்து, ஒவ்வொரு விரலிலும் கடைசி மூட்டு எங்கே மடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். வெட்டு விழுவது அந்த இடத்தில். கில்லட்டின் போல இறங்கும் வெட்டியால் செய்வதுண்டு, அறுவைக் கத்தியால் செய்வதுண்டு, இப்போது லேசரால் செய்கிறார்கள். லேசரில் ரத்தம் குறைவாகப் போகும். எலும்பு அதே எலும்புதான்.

பூனை உள்ளங்காலை ஊன்றி நடக்கும் பிராணி அல்ல. விரல்களை ஊன்றித்தான் நடக்கிறது, தாவுகிறது, எட்டடி மதிலிலிருந்து சத்தமில்லாமல் இறங்குகிறது. அந்த விரல்களின் நுனியை எடுத்துவிட்டால் உடலின் பாரம் வேறு விதமாக இறங்கும். முதுகு அதற்கேற்ப வளையும். 2017ல் பூனை மருத்துவத்துக்கான ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று, நகம் எடுக்கப்பட்ட 137 பூனைகளையும் எடுக்கப்படாத 137 பூனைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தது. நகம் இழந்த பூனைகளில் முதுகுவலியும், மண்தொட்டிக்கு வெளியே மலஜலம் கழிப்பதும், கடிப்பதும் கூடுதலாக இருந்தன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அவற்றில் 63 சதவீதத்துக்குக் கடைசி எலும்பின் துண்டுகள் விரலுக்குள் தங்கியிருந்தன. சரளைக்கல் மேல் நடப்பது போலத்தான் அந்தப் பூனைக்கு மண்தொட்டியில் கால் வைப்பது. வலிக்கும் இடத்தை விட்டுவிட்டு அது மெத்தையைத் தேடிப் போகிறது. சோபா கிழிகிறது என்று நகத்தை எடுத்தவர்கள் பிறகு மெத்தை நாறுகிறது என்று அந்தப் பூனையையே வெளியேற்றுகிறார்கள்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தால் அதன் தொடக்கத்தில் கொடூரம் எதுவும் தெரியவில்லை. 1947ல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர் உறிஞ்சும் களிமண் துகள்களைப் பூனையின் கழிவுத்தொட்டிக்கென்று விற்கத் தொடங்கினார். அதுவரை பாதிநேரம் வெளியே திரிந்த பூனையால் அதன்பின் முழுநேரமும் வீட்டுக்குள் வாழ முடிந்தது. காரில் அடிபடாமல், நோய் தொற்றாமல் நீண்ட ஆயுள் வாழவும் வழி பிறந்தது. ஆனால் வெளியே மரப்பட்டையில் கூர் தீட்டிய நகம் இப்போது சோபாவில் தீட்டியது. வீட்டுக்குள் வந்த பிராணியோடு அதன் நகமும் வந்ததைத்தான் வீட்டுக்காரர்கள் எதிர்பார்க்கவில்லை.

தருமபுரிப் பக்கத்துப் பூனைக்கு இந்த நிலை வந்ததில்லை. என் சிறுவயதில் எங்கள் வீட்டில் சாணம் மெழுகிய தொம்பைகளில் கேழ்வரகு இருந்தது. பரண் மேல் புளியும் கொள்ளும் இருந்தன. அவற்றுக்கு எலி வந்தது, எலிக்காகப் பூனை வந்தது. யாரும் வாங்கி வளர்க்கவில்லை. கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மோர்ச்சோறு வைப்பார்கள், அவ்வளவுதான். பிறகு பட்டுப்புழு வளர்ப்பு பரவியபோது புழுமனையைச் சுற்றியும் எலித் தொல்லைக்காகப் பூனைகளை இருக்கவிட்டார்கள். சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய குழி ஒன்றில் மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைக் கண்டெடுத்திருக்கிறார்கள். தானியம் சேர்த்த மனிதனும் எலி பிடித்த பூனையும் அவ்வளவு காலமாக அக்கம்பக்கம் இருந்து வருகிறார்கள். நகம்தான் பூனையை நம் வீட்டுக்குள் அழைத்து வந்தது.

இதைச் சொல்வதால் நம் ஊர்ப் பூனைகள் நம் கருணையில் வாழ்ந்தன என்று ஆகிவிடாது. அந்த நகம் நமக்குத் தேவைப்பட்டது, அதனால் விட்டுவைத்தோம். குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் விட்டுவந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். சீழ் பிடித்த காலோடு திரிந்த பூனையை மருத்துவரிடம் தூக்கிப்போன ஒருவரையும் நான் அந்த நாளில் கண்டதில்லை. மாட்டைக் காயடித்தோம், சூடு போட்டோம், மூக்கில் துளையிட்டுக் கயிறு கோர்த்தோம், ஆட்டின் காதை அடையாளத்துக்காக அறுத்தோம். பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாட்டின் கொம்பைப் பெருமையாகப் பேசுகிற நாம், கலப்பினக் கன்றுக்குக் கொம்பு முளைக்கும் இடத்தைச் சுட்டுத் தீய்ப்பதைப் பெரிதாக நினைப்பதில்லை. அமெரிக்காவைப் பார்த்து முகம் சுளிக்க நமக்குத் தகுதி அதிகமில்லை.

நம் சட்டமும் இந்த வரலாற்றைச் சுமந்துதான் நிற்கிறது. விலங்குகளுக்கு எதிரான கொடுமையைத் தடுக்கும் தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்களித்த பிறகே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்படி 1960ல் வந்தது பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் கொடுமை என்கிறது. அதே பிரிவின் பிற்பகுதி, மாட்டின் கொம்பை நீக்குவதையும் காயடிப்பதையும் சூடு போடுவதையும் மூக்கணாங்கயிறு இடுவதையும் விதித்த முறைப்படி செய்தால் குற்றமில்லை என்று விலக்கிவைக்கிறது. உழவுக்கும் பாரவண்டிக்கும் இணங்கி எழுதப்பட்ட விலக்கு அது. அந்த விலக்குப் பட்டியலில் பூனையின் நகம் இல்லை. சட்டம் எழுதியவர்கள் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பு குறைவு. சட்டத்தை நேராகப் படித்தால் சோபாவுக்காகப் பூனையின் விரல் நுனிகளை எடுப்பது உறுப்புச் சிதைப்பில்தான் அடங்கும் என்பது என் எண்ணம். முதல் முறை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை அப்படியே இருக்கிறது.

அக்கா மகளிடம் எலும்பையும் மூட்டையும் சட்டத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். நெல்லிக்கனியையும் ஒளவையார் தூது போனதையும் இங்கே பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். ஒளவையார் அவனைப் பாடிய புறநானூற்றுப் பாடல்களில் 94ஆவது பாட்டு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அதில் ஒரு பெரிய ஆண் யானை நீர்த்துறையில் படிந்து கிடக்கிறது. ஊர்ச் சிறுவர்கள் அதன் வெண்மையான தந்தங்களைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அதியமான் எங்களுக்கு அந்த யானையைப் போல இனியவன் என்கிறார் ஒளவையார். பகைவர்க்கோ மதம் கொண்டபோது நெருங்க முடியாத அதே யானையைப் போல இன்னாதவன்.

இந்தப் பாட்டை வீரத்துக்கும் ஈரத்துக்கும் எடுத்துக்காட்டாகப் பாடம் நடத்துவார்கள். எனக்கு அந்தத் தந்தங்கள்தான் கண்ணில் நிற்கின்றன. சிறுவர்கள் பாதுகாப்பாக விளையாட வேண்டும் என்பதற்காக யாரும் அவற்றை அறுக்கவில்லை. கொல்லக்கூடிய ஒன்றையே அந்தப் பிள்ளைகள் கையால் தொட்டுக் கழுவுகிறார்கள். யானையின் இனிமை என்று ஒளவையார் சொல்வது அது வைத்திருக்கும் வலிமையை இவர்கள் மேல் செலுத்தாமல் கிடப்பதைத்தான். தந்தம் இல்லாத யானை அந்தத் துறையில் கிடந்திருந்தால் அதியமானுக்கு அது உவமையாகியிருக்காது.

பூனையின் நகம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டபோது இந்தப் பாட்டு எனக்கு இன்னும் நெருக்கமாயிற்று. ஓய்வாக இருக்கும் பூனையின் முன்னங்கால் நகத்தை மீள்தன்மையுள்ள ஒரு நார் உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. நகத்தை உள்ளே வைத்திருக்கப் பூனை எந்த முயற்சியும் செய்ய வேண்டியதில்லை. வெளியே நீட்டத்தான் முன்கைத் தசை சுருங்கி, தசைநார் இழுபட்டு, கடைசி எலும்பு முன்னால் சாய வேண்டும். கீறுவது அது மெனக்கெட்டுச் செய்யும் காரியம். ஒவ்வொரு கீறலுக்கும் முன்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது: பயம், வலி, விளையாட்டின் வேகம், பிடித்த பிடியிலிருந்து விடுபடும் அவசரம். அந்தக் காரணத்துக்கும் முன்னால் அறிகுறிகள் இருக்கின்றன. வால் நுனி துடிக்கும், காது பின்னால் மடங்கும், முதுகுத்தோல் அலைபாயும், பிறகு நகம் இல்லாத பாதத்தால் ஒரு தட்டு. இவ்வளவும் சொல்லி, கேட்கப்படாமல் போன பிறகுதான் நகம் வெளியே வருகிறது. நகத்தை எடுத்துவிட்டால் இந்த வரிசையில் அடுத்து இருப்பது பல் மட்டும்தான். அந்த ஆய்வில் நகமிழந்த பூனைகள் அதிகம் கடித்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

மடியில் படுத்து நம் கையைத் தன் பாதத்தால் பற்றும் பூனை, நகத்தை உள்ளே வைத்துக்கொண்டு பற்றுகிறது. வளர்ப்பவர்கள் நாள்தோறும் பெற்றுக்கொள்வது அதைத்தான். பத்து விரல் நுனிகளை வெட்டிய பிறகும் அது நம் கையைப் பற்றும். ஆனால் அந்தப் பற்றுதலில் பூனை நமக்குத் தரக்கூடியது ஒன்றும் மிச்சமிருக்காது. பாதுகாப்பு வேண்டி இதைச் செய்பவர்கள் எதை இழக்கிறார்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அக்காவின் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. பச்சைக்குழந்தையின் கண்ணருகே ஒரு கீறல் போதும். அதோடு நம் ஊரில் பூனைக் கீறல் என்றதும் நாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். அந்த நினைவு நியாயமானது. ரேபிஸ் கிருமி எச்சிலில் இருக்கிறது. பூனை பாதத்தை நக்கிக்கொள்ளும் பிராணி என்பதால் கீறினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனால் தடுப்பூசியை இலவசமாகவே போடுவார்கள். இதையெல்லாம் தடுக்கும் வழி பூனைக்கு ஆண்டுதோறும் போடும் ஊசியில் இருக்கிறது. விரலை வெட்டுவதால் எச்சில் போய்விடாது. கடி கூடினால் ஆபத்தும் கூடும். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீடுகளுக்குக்கூட இந்த அறுவையை அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைப்பதில்லை.

அக்கா மகளுக்கு நான் சொன்னவை சாதாரணமானவை. முதல் சில மாதங்கள் குழந்தையும் பூனையும் தனியாக ஓர் அறையில் இருக்க வேண்டாம். குழந்தை தூங்கும் அறைக் கதவு சாத்தியிருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகத்தின் வளைந்த முனையை மட்டும் வெட்டிவிடு. வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ரத்த ஓட்டம் தெரியும், அதைத் தொடாதே. பூனை முன்காலைத் தூக்கி உடம்பை முழுசாக நீட்டினாலும் ஆடாத ஒரு கம்பம் வேண்டும். அதற்கு நார்க்கயிறு சுற்றி, சோபா பக்கத்திலேயே வை. நகத்தின் பழைய உறையை உரிக்க, முதுகை நீட்ட, பாதத்தில் சுரக்கும் வாசனையால் இது என் இடம் என்று சொல்ல, பூனை எதையாவது பிராண்டித்தான் ஆகும். எங்கள் வீட்டில் அதற்கு வாசற்படி ஓரத்தில் கிடந்த புளிச்சாக்கு போதுமாக இருந்தது.

அவள் கணவன் ஒரு கேள்வி கேட்டான். நல்ல கேள்விதான். நகத்தை எடுப்பது கொடுமை என்று தடை போட்டால், சோபாவையும் குழந்தையையும் நினைத்துப் பயப்படுகிறவர்கள் பூனையைக் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிட மாட்டார்களா? விரல் நுனி போனாலும் வீடு இருப்பது மேல் அல்லவா? அமெரிக்காவில் இந்த அறுவையைப் பல ஆண்டுகளாகத் தாங்கிநின்ற வாதம் இது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2018ல் தடை கொண்டுவந்தது. அங்குள்ள காப்பகங்களின் கணக்கைத் தடைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், பூனைகளைக் கொண்டுவந்து விடுவது தடையால் கூடியதாகக் காணவில்லை. மறுக்கப்பட்டவர்கள் கயிறு சுற்றிய கம்பம் வாங்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

தடைகள் வந்த வரிசையில் ஒன்று என்னை நிறுத்தியது. ஐரோப்பிய அவையின் வளர்ப்புப் பிராணிகள் உடன்படிக்கை 1987லேயே இதை விலக்கியது. பிரிட்டன் 2006ல், இஸ்ரேல் 2011ல். அமெரிக்காவில் நாடு தழுவிய விதி முதலில் நின்றது சிங்கம் புலிகளின் பக்கம். ஜெனிஃபர் கான்ராட் என்ற கால்நடை மருத்துவர், காட்சிக்காக வளர்க்கப்பட்டு நகம் எடுக்கப்பட்ட பெரும்பூனைகள் நடக்க முடியாமல் தவிப்பதைக் கண்டு அவற்றின் பாதங்களைச் சீர்செய்யும் அறுவையில் இறங்கினார். அவருடைய முயற்சியால் வெஸ்ட் ஹாலிவுட் நகரம் 2003ல் வீட்டுப் பூனைக்கும் தடை போட்டது. மாநிலக் கால்நடை மருத்துவர் சங்கமே அந்தத் தடையை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றது. 2006ல் அமெரிக்க வேளாண் துறை, உரிமம் பெற்று வைத்திருக்கும் புலி சிங்கங்களின் நகத்தை எடுக்கக் கூடாது என்றது. நியூயார்க் மாநிலம் வீட்டுப் பூனைக்கு அதே பாதுகாப்பைத் தர 2019 வரை ஆயிற்று; கலிபோர்னியாவுக்கு 2025 வரை. டெக்சாஸில் மாநிலச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் ஆஸ்டின் நகரம் 2021ல் தடுத்துவிட்டது. எலும்பும் நாரும் நகமும் புலிக்கு எப்படியோ பூனைக்கும் அப்படியே. புலியின் நகத்தைப் புலிக்கு உரியதென்று ஒப்புக்கொண்ட மனம், மடியில் படுக்கும் பிராணியின் நகத்தைத் தனக்கு உரியதென்று நினைத்துக்கொண்டது.

தருமபுரி அகழ்வைப்பகத்திலும் இந்த மாவட்டத்துக் கொல்லைகளிலும் நிற்கும் நடுகற்களில் புலியோடு பொருத வீரர்களைப் பார்க்கலாம். பின்கால்களில் எழுந்து நிற்கும் புலியின் முன்னங்காலைச் சிற்பி குறைத்துச் செதுக்கவில்லை. தங்களைக் கொன்ற புலிக்கு அந்த மரியாதையைக் கொடுத்த ஊர் இது.

மகள் முடிவெடுத்துவிட்டாள். பூனைக்கு நகம் இருக்கிறது, குழந்தை தவழத் தொடங்கிவிட்டது. டெக்சாஸ் போன அக்கா பூனையிடம் இன்னமும் ஒட்டவில்லை. நகம் வெட்டும் நாளில் மட்டும் துண்டில் சுற்றி அதை இறுகப் பிடித்துக்கொள்கிறாளாம்.

எனக்குள் தீராமல் இருப்பது இன்னொன்று. வளர்ப்புப் பூனைக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். அதுவும் கத்திதான். அதையும் பூனை கேட்கவில்லை. சாக்கில் கட்டப்பட்ட குட்டிகளைப் பார்த்தவன் என்பதால் அதை ஆதரிக்கிறேன். பிறந்து சாகும் குட்டிகளுக்கும் ஈன்று ஈன்று மெலியும் தாய்க்கும் அதில் நன்மை இருக்கிறது. நகத்தை எடுப்பதில் பூனைக்கு என்று ஒரு நன்மையும் இல்லை. விரலில் கட்டியோ ஆறாத நோயோ வந்தால் எடுப்பது வேறு. இந்தக் கோடு எனக்குப் போதுமான அளவு தெளிவாக இருக்கிறது. மூக்கணாங்கயிற்றை இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டால் தடுமாறுவேன்.

இப்போது தருமபுரியிலும் பெர்ஷியன் பூனைக்குட்டி விற்கிறார்கள். தொம்பை போய்விட்டது, தரையில் டைல்ஸ் வந்துவிட்டது, சோபாவுக்குத் தவணை கட்டுகிறார்கள். எலி பிடிக்க வேண்டாத பூனை நம் வீடுகளுக்குள்ளும் முழுநேரமாக வந்துவிட்டது. டல்லாஸிலிருந்து வந்த கேள்வியை நாளை இங்கே யாராவது கால்நடை மருத்துவரிடம் கேட்பார்கள். நான் பேசிய மருத்துவர்கள் செய்ய மாட்டோம் என்றார்கள், அவர்களை நம்புகிறேன். வதைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தும் வரைவை ஒன்றிய அரசு 2022 நவம்பரில் மக்கள் கருத்துக்கு வைத்தது. அது சட்டமாகும்போது, நோய்க்கு அல்லாமல் பூனையின் நகத்தை எடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லி ஒரு வரி அதில் சேர வேண்டும். 50 ரூபாயும் மாற வேண்டும்.